மினியேச்சர் பொம்மைகளுக்குப் பூசும் பெயிண்ட்டை எதைக் கொண்டு இளக்குவது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தண்ணீரே போதாதா? மீடியம், தின்னர் என்று தனித்தனியாக வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: அடிப்பூச்சுக்கும் சாதாரண மேற்பூச்சுக்கும் தண்ணீரே போதும், கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை. அக்ரிலிக் பெயிண்ட்டில் நிறமித் துகள்களும், அவற்றை உருவத்தின் மேல் பிடித்து வைக்கும் பைண்டரும் தண்ணீரில் மிதக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது பைண்டர் துகள்கள் நெருங்கி இணைந்து ஒரே படலமாகின்றன. தண்ணீர் கூடக்கூட அந்தப் படலம் மெலிந்துகொண்டே போவதால், கிளேஸ் (அடிநிறம் தெரியும்படி பூசும் மெல்லிய பூச்சு) போன்ற மிக நீர்த்த பூச்சுகளில் நிறமி மேடுகளை விட்டு விலகிப் பள்ளங்களில் தேங்குகிறது. காய்ந்த பின் விரல் உரசினாலே உரிந்தும் விடுகிறது. மேட் மீடியம் என்பது நிறமி சேர்க்காத பெயிண்ட் என்றே கொள்ளலாம். அதைக் கொண்டு எவ்வளவு இளக்கினாலும் நிறம் மட்டுமே குறையும், பிடிப்பு குறையாது. சிட்டாடல் நிறுவனத்தின் லாமியன் மீடியம் இந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே எந்தக் குப்பியை வாங்கும்போதும் அதில் பைண்டர் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம், இல்லையென்றால் சொட்டுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மேட் மீடியத்தில் பளபளப்பைக் குறைக்கும் பொடி அடியில் படிந்துவிடும் என்பதால், குப்பியை நன்றாகக் குலுக்காமல் ஊற்றினால் கறுப்பு நிறத்தின் மேல் வெள்ளை பூத்துவிடும்.

கேள்வி: கிளேஸ் பூசும்போது ஓரங்களில் வளையம் விழுகிறது. ஃப்ளோ இம்ப்ரூவர் சேர்த்தால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குத்தான். ஈரப் பூச்சின் விளிம்பு முதலில் காய்வதால், நடுவிலுள்ள தண்ணீர் நிறமியையும் இழுத்துக்கொண்டு விளிம்புக்கு ஓடுகிறது. வளையம் விழுவது இதனால்தான். ஃப்ளோ இம்ப்ரூவர் தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துப் பூச்சைச் சீராகப் பரவச் செய்யும். ஆனால் அதில் பைண்டர் கிடையாது. ஒரு பங்குக்குப் பத்து முதல் இருபது பங்கு தண்ணீர் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்தத் தண்ணீரால் பெயிண்ட்டை இளக்குவதே முறை. பாத்திரம் கழுவும் திரவம் இதே வேலையைச் செய்யும் என்பார்கள். நுரையும் பிசுக்கும் சேர்ந்து வருவதால் நான் பரிந்துரைப்பதில்லை.

இருந்தாலும், பெரும்பாலும் கோளாறு கலவையில் இருப்பதில்லை, தூரிகையில்தான் இருக்கிறது. பெயிண்ட்டில் தோய்த்ததும் தூரிகையின் வயிற்றுப் பகுதியை டிஷ்யூ தாளில் ஒருமுறை ஒற்றியெடுங்கள். பொம்மையின் அங்கி மடிப்பில் இழுக்கும்போது ஈரத் தடம் மட்டுமே தெரிய வேண்டும். துளியாகத் திரண்டு நின்றால் இன்னமும் அதிகம் என்று பொருள். இழுப்பு முடியும் இடத்தில்தான் நிறமி சேரும் என்பதால், நிழலுக்கான நிறத்தை மடிப்பின் பள்ளத்தை நோக்கியும், ஒளிக்கான நிறத்தை மேட்டை நோக்கியும் இழுப்பது நல்லது.

கேள்வி: கோடையில் பெயிண்ட் பேலட்டிலேயே (நிறம் கலக்கும் தட்டிலேயே) காய்ந்துவிடுகிறது. மருந்துக்கடை கிளிசரின் சேர்க்கலாமா?

பதில்: ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது உண்மைதான். ஆனால் கிளிசரின் எளிதில் ஆவியாகாது, படலமாகவும் மாறாது. அளவு மிஞ்சினால் பூச்சு பிசுபிசுப்பாகவே நின்று, அடுத்த பூச்சைப் பூசும்போது தூரிகையோடு எழுந்து வந்துவிடும். காய்வதைத் தாமதப்படுத்தவென்றே விற்கும் ரிடார்டரையும் 15 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று பெயிண்ட் தயாரிக்கும் கோல்டன் நிறுவனம் அறிவுறுத்துகிறது. இரண்டையும் விட வெட் பேலட் மேலானது: மூடியுள்ள தட்டையான டப்பா, ஈரமான ஸ்பாஞ்சு, அதன் மேல் பேக்கிங் தாள். மெழுகுத் தாள் தண்ணீரைக் கசியவிடாது என்பதால் உதவாது. மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவதும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

கேள்வி: ஏர்பிரஷ்ஷுக்கு (காற்றழுத்தத்தால் பெயிண்ட் தெளிக்கும் கருவிக்கு) ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கலக்கலாமா?

பதில்: பெயிண்ட்டைப் பொறுத்தது. டாமியா நிறுவனத்தின் அக்ரிலிக் ஆல்கஹாலை ஏற்கும். அதற்கென எக்ஸ்-20ஏ தின்னரும் உண்டு. வல்லெகோ நிறுவனத்தின் மாடல் கலர் பெயிண்ட் ஆல்கஹால் பட்டால் கட்டிகட்டியாகத் திரண்டு ஏர்பிரஷ்ஷின் நாசிலை (முனைத் துளையை) அடைத்துவிடும் என்பதால், அதற்கு அந்த நிறுவனத்தின் ஏர்பிரஷ் தின்னரையே பயன்படுத்துங்கள். புதிய கலவையை முதலில் ஒரு பாட்டில் மூடியில் கலந்து பாருங்கள்; ஆடை நீக்கிய பால் போல மூடியின் சுவரில் வழிந்து இறங்கினால் பதம் சரி.

கேள்வி: எங்கள் வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். பரவாயில்லையா?

பதில்: கடின நீரின் உப்பு, நீர்த்த பூச்சு காய்ந்ததும் வெண்படலமாகத் தெரியும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் மலிவாகவே கிடைக்கிறது. ஆசிட் கலந்ததை மட்டும் வாங்கிவிடாதீர்கள். எந்தத் தண்ணீரானாலும் பேலட்டில் மட்டுமே கலக்குங்கள். பெயிண்ட் குப்பிக்குள்ளேயே ஊற்றினால் அதிலுள்ள பூஞ்சைத் தடுப்பு நீர்த்துப்போய், சில மாதங்களில் மூடியைத் திறந்ததும் நாற்றம் வரும்.