பாஷ் ப்ராம்ப்டில் நிறம் சேர்த்தபின் நீளமான கட்டளை அதே வரியில் ஏறுகிறது

வணக்கம் நண்பரே. பாஷ் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) கட்டளைக்கு முன்னால் காட்டும் ப்ராம்ப்டுக்குப் பச்சை நிறம் கொடுத்ததிலிருந்து, நீளமான கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தொடக்கத்தில் ஏறி எழுதப்படுகிறது, மேல் அம்புக்குறியைத் தட்டினால் பழைய எழுத்துகள் அழியாமல் நிற்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) கோளாறு எதுவும் இல்லை, அதை மாற்ற வேண்டாம்.

நிறக் குறியீடு திரையில் இடம் பிடிப்பதில்லை. ஆனால் நாம் சொல்லாவிட்டால் பாஷ் அதையும் எழுத்தாகவே எண்ணும். பச்சைக்கான 32 குறியீட்டில் 5 எழுத்து, பழைய நிறத்துக்குத் திரும்பும் 0 குறியீட்டில் 4. ஆக, ப்ராம்ப்ட் 9 கட்டம் அதிகம் என்று நினைத்து, வரி முடியும் முன்பே முடிந்துவிட்டதாகக் கணக்குப் போடுகிறது.

ஒவ்வொரு நிறக் குறியீட்டுக்கும் முன்னால் \[ , பின்னால் \] போடுங்கள். கடைசியில் வரும் 0 குறியீட்டைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதற்கும் போட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை இதற்குள் அடைக்காதீர்கள், கணக்கு மறுபக்கம் தவறும்.

அப்புறம், கிட் (நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி) கிளையின் பெயரை ப்ராம்ப்டில் நிறத்தோடு ஒரு ஃபங்ஷன் அச்சிடுகிறது என்றால், அதற்குள் இந்த அடைப்புக்குறிகள் வேலை செய்யாது, அப்படியே திரையில் வந்து விழும். அங்கே \[ க்குப் பதில் \001, \] க்குப் பதில் \002 என்று பிரிண்ட்எஃப் (printf) கட்டளை மூலம் அனுப்புங்கள்.

முதலில், ப்ராம்ப்டின் வடிவத்தை வைத்திருக்கும் பிஎஸ்1 (PS1) மாறியை டெர்மினலிலேயே மாற்றிப் பாருங்கள். சரியாக வந்ததும், பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.