காற்பந்து: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

கே: ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் ‘பி’ உரிமம் வைத்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாக இளையர் குழுக்களைப் பயிற்றுவிக்கிறேன். மலேசியாவிலோ தாய்லாந்திலோ துணைப் பயிற்றுவிப்பாளர் வேலை கிடைக்குமா? (ஈசூன் வாசகர்)

ப: கிடைக்கும். ஆனால் ‘பி’யோடு நின்றுவிடாதீர்கள். உரிமங்கள் சி, பி, ஏ, புரோ என்று ஏறுகின்றன. முதல்நிலைக் குழுக்கள் துணைவரிடம் (துணைப் பயிற்றுவிப்பாளரிடம்) பெரும்பாலும் ‘ஏ’ எதிர்பார்க்கும். அதற்கான வகுப்பில் இடம் கிடைக்கும்வரை கையில் ஒரு தனித் திறமையை வளர்த்துக்கொள்ளுங்கள். தலைமைப் பயிற்றுவிப்பாளர் தம்மைப் போல் இன்னொருவரைத் தேடுவதில்லை. தமக்கு நேரமில்லாத வேலை ஒன்றை முழுதாக ஏற்கும் ஆளைத் தேடுகிறார். கார்னர், ஃப்ரீ கிக் போன்ற செட் பீஸ் வேலை, எதிரணியின் ஆட்டக் காணொளி ஆய்வு, கோல்காப்பாளர் பயிற்சி ஆகிய மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்வது நல்லது.

விண்ணப்பத்தோடு சான்றிதழ் நகல் மட்டும் அனுப்பினால் பெட்டியிலேயே கிடக்கும். சனிக்கிழமை ஆட்டம் என்று வைத்து ஒரு வாரப் பயிற்சித் திட்டம் எழுதுங்கள்: எந்த நாள் கடினம், எந்த நாள் லேசு, ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அடுத்து, நீங்கள் சேர விரும்பும் குழு எதிர்கொள்ளப்போகும் அணியின் கடைசி 5 ஆட்டங்களின் கார்னர்களை 8 நிமிடக் காணொளியாக வெட்டுங்கள். 40 நிமிடம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள். கடைசியாக, நீங்கள் பயிற்சி நடத்தும் 10 நிமிடக் காட்சி, வெட்டாமல், உங்கள் குரல் தெளிவாகக் கேட்கும்படி. குரலும் நேரமும்தான் அங்கே பார்க்கப்படும்.

புதிய துணைவர் முதல் வாரத்தில் தடுமாறுவது பெரும்பாலும் பயிற்சித் திடலில் எல்லை குறிக்க வைக்கும் கூம்புகளில்தான். நான்குக்கு நான்கு ஆட்டத்துக்கு 30க்கு 20 மீட்டர் போதும். அதைவிடப் பெரிதாக்கினால் நீண்ட ஓட்டம் கூடும், சிறிதாக்கினால் திருப்பமும் மோதலும் கூடும். அன்றைய பயிற்சியின் நோக்கத்தைப் பொறுத்து அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பயிற்சியிலிருந்து அடுத்ததற்கு மாற ஒவ்வொரு முறையும் 4 நிமிடம் வீணானால், நான்கு மாற்றங்களில் 16 நிமிடம் போய்விடும். ஆட்டக்காரர்கள் வருமுன் எல்லாக் கூம்பும் தரையில் இருக்கட்டும். மொழியும் உண்டு. மலேசியாவில் திடலில் புழங்கும் மலாய்ச் சொற்கள் நூறு தெரிந்தால் போதும். தாய்லாந்தில் மொழிபெயர்ப்பாளர் வழியே பேசினால் விளக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் ஆகும், ஆகவே சொல்லாமல் செய்து காட்டிப் பழகுங்கள்.

கே: “என்னோடு வா, ஒப்பந்தத்தை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார் ஒரு தலைமைப் பயிற்றுவிப்பாளர். நம்பிப் போகலாமா? (ஜூரோங் வாசகர்)

ப: கையெழுத்தாகும்வரை விமானச் சீட்டு வாங்காதீர்கள். பயிற்றுவிப்பாளர்களுக்கென்றே ஃபிஃபா வகுத்த விதிகள் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. பதவிப் பெயரைவிடச் செய்யும் வேலையே அங்கே முக்கியம் என்பதால் துணைவருக்கும் பாதுகாப்பு உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் “ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி அளித்தல்” என்று எழுதச் சொல்லுங்கள். ‘ஆய்வாளர்’ என்று மட்டும் இருந்தால் பின்னால் வாதாட வேண்டிவரும்.

தரப்பினர் யார், காலம் எவ்வளவு, ஊதியம் எவ்வளவு, எந்த நாணயத்தில் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வேலை அனுமதி கிடைத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்ற நிபந்தனைக்கு அந்த விதிகளில் இடமில்லை. “தலைமைப் பயிற்றுவிப்பாளர் விலகினால் இவருடைய ஒப்பந்தமும் முடியும்” என்ற வரியைத்தான் தேடித் தேடிப் பார்க்க வேண்டும். துணைவர்கள் அதிகம் வேலை இழப்பது அந்த வரியால்தான். அந்த வரியை நீக்கக் குழு மறுத்தால், அப்படி முடியும்போது இத்தனை மாதச் சம்பளம் தரப்படும் என்று தொகையை எழுதி வாங்குங்கள்.

இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் கோபத்தில் மூட்டை கட்டாதீர்கள். முதலில் எழுத்தில் கேளுங்கள், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுங்கள். அதன் பிறகும் வரவில்லை என்றால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறிக்கலாம். கடிதம் இல்லாமல் கிளம்பினால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள் என்று ஆகிவிடும். ஃபிஃபாவின் காற்பந்து நடுவர் மன்றத்தில் 2 ஆண்டுக்குள் முறையிட வேண்டும். உள்ளூர் மன்றத்துக்கே வழக்குப் போகும் என்று ஒப்பந்தம் சொல்கிறதா என்பதையும் பாருங்கள்.

கே: ஆட்டத்தின்போது துணைவரும் கோட்டோரம் நின்று கத்தலாமா? (தோ பாயோ வாசகர்)

ப: ஒரு நேரத்தில் ஒருவர்தான் அங்கிருந்து உத்தி சொல்லலாம். பெஞ்சில் தவறு செய்தவர் யாரென்று நடுவரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அங்கிருக்கும் மூத்த பயிற்றுவிப்பாளருக்கே அட்டை கிடைக்கும். துணைவரின் ஆத்திரத்துக்குத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் விலை கொடுப்பார்.

கே: துணைவராகவே காலம் போய்விடுமோ என்று பயம். (தெம்பனிஸ் வாசகர்)

ப: கார்லோஸ் கெய்ரோஸ் 2002இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் துணைவராகச் சேர்ந்தார். 2003இல் ரியால் மட்ரிட்டின் தலைமைப் பொறுப்பு வந்தது. ஒரே பருவத்தில் அது முடிந்ததும் பழைய குழுவுக்கே துணைவராகத் திரும்பி 2008வரை இருந்தார், பிறகு போர்ச்சுகல் தேசிய அணி. ஏறுவதும் இறங்குவதும் இந்த வேலையில் சகஜம். நம் வி. சுந்தரமூர்த்தி 2013இல், மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூரின் லயன்ஸ் XII அணியை மலேசிய சூப்பர் லீக் வெற்றியாளராக்கினார். ஃபாண்டி அகமது இந்தோனேசியாவில் பெலித்தா ராயா குழுவைப் பயிற்றுவித்தார். அண்டை நாட்டு லீக்குகளில் நம்மவருக்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம்.

கே: வெளிநாட்டில் வேலை செய்தால் என் மத்திய சேம நிதி என்ன ஆகும்? (உட்லண்ட்ஸ் வாசகர்)

ப: வெளிநாட்டு முதலாளி செலுத்தமாட்டார். நீங்களே விருப்பத்தின்பேரில் செலுத்தலாம், அதற்கு ஆண்டு வரம்பு உண்டு. சம்பளம் பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்துப் பேசுங்கள். தேசியச் சேவைக் கடமை இன்னும் இருப்பவர்கள் நீண்ட காலம் வெளிநாடு செல்லுமுன் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்; ஒப்பந்தம் கைக்கு வந்த அன்றே அதைத் தொடங்கிவிடுங்கள்.