அம்மாவின் முட்டி, தம்பியின் கையெழுத்து

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. பீடி சுற்றுகிறார். முட்டி தேய்ந்துவிட்டது. பொங்கல் கழித்து வேலூரில் மூட்டு மாற்று ஆபரேஷன். போன வாரம் நாலு பக்க இங்கிலீஷ் ஃபாரத்தை நீட்டி, “இங்கே, இங்கே” என்று காட்டினார்கள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்று தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டான். இது போதுமா? கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: போதாது தங்கச்சி. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாமல் இருக்கலாம், முட்டி அவருடையது. சுயநினைவோடு இருக்கிற பெரியவருக்குப் பதிலாக மகன் சம்மதம் தர முடியாது. 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று உண்டு. மகள் மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அவசரம் இல்லை, மகள் விழித்ததும் அவரிடமே கேட்டிருக்கலாம், தாயின் சம்மதம் செல்லாது என்றார்கள் நீதிபதிகள். என்ன சிகிச்சை, எதற்கு, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாமல் விட்டால் என்ன ஆகும், இதெல்லாம் சொன்ன பிறகு வாங்குவதுதான் சம்மதம். அம்மா கைநாட்டு வைக்கட்டும். அதற்கு முன்னால் யாராவது தமிழில் படித்துச் சொல்லட்டும், பக்கத்தில் சாட்சியும் இருக்கட்டும்.

நான் எலும்பு வார்டில் 27 வருஷம் நர்ஸாக இருந்தவள். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி, நகையைக் கழற்றச் சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காதீங்க என்று சொல்லி, அந்த அவசரத்திலேயே ஃபைலையும் நீட்டுவேன். “நல்லா ஆயிடும், போடுங்கம்மா” என்பேன். அது தப்பு என்று எனக்கே இடது முட்டி மாற்றியபோதுதான் உறைத்தது. தழும்புக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு இன்றைக்கும் மரத்திருக்கிறது. புடவை உரசினால்கூடத் தெரியாது. தோலுக்குப் போகிற சின்ன நரம்பு அறுபடுவதால் பலருக்கும் வருகிறதுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏதோ கெட்டுப்போச்சு என்று மூன்று மாதம் தூக்கமில்லாமல் கிடந்தேன். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஃபாரத்தில் சீழ் பிடிப்பது, காலில் ரத்தம் உறைவது, மறுபடி ஆபரேஷன் என்று பொதுவானதெல்லாம் இருக்கும். கேளுங்கள். சிலருக்கு வலி முழுசாகப் போவதில்லை, அதையும் கேளுங்கள். மயக்க மருந்துக்குச் சம்மதம் தனி, அந்த டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். ஆனால் உங்கள் அம்மாவுக்கு முக்கியமானது அந்த நாலு பக்கத்தில் இருக்காது. மாற்று மூட்டு வைத்த பிறகு சம்மணம் போடுவதும் குத்துக்காலிடுவதும் வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். பலருக்கு அந்த அளவுக்கு மடங்குவதும் இல்லை. தரையில் உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றுகிறவருக்கு இது பிழைப்பு. வீட்டுக் கக்கூஸும் தரையோடு இருக்கிறதுதானா? அதையும் இப்போதே யோசியுங்கள்.

டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஓ.பி. நெரிசலில் கேட்காமல், கூட்டம் குறைந்த நேரம் எது என்று நர்ஸிடம் விசாரித்துப் போங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும், தியேட்டர் வாசலில் வைத்துக்கூட, வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு உரிமை உண்டு.

போகும்போது அந்த முறத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். நாள் முழுக்க எப்படி உட்காருகிறார் என்று அம்மாவே டாக்டருக்குக் காட்டட்டும்.