மண்புழு உரத் தொட்டியில் பிறைத்தலைப் புழு: மம்பட்டியைக் கீழே வையுங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபி, மிளகு நாற்று வளர்த்து விற்கிறேன். மழைக்குப் பிறகு மண்புழு உரத் தொட்டியின் ஈரச் சாக்கைத் தூக்கினால், ஒரு சாணுக்கு மேல் நீளமாக, முதுகில் கோடுகளோடு, தலை பிறை போல விரிந்த வழவழப்பான புழு கிடக்கிறது. வெட்டிப் போட்டும் மறுபடி வருகிறது. மண்புழுவும் குறைகிறது. இது அட்டையா? தொட்டியில் உப்பு தூவலாமா?

பதில்: முதலில் வெட்டுவதை நிறுத்துங்கள். வெட்டிய துண்டுகள் தலை வளர்த்துத் தனிப் புழுக்களாகிவிடும். தானாகவே வால்நுனியை அறுத்துவிட்டுப் பெருகும் பிராணி இது. அந்த வேலையை நீங்களும் சேர்ந்து செய்திருக்கிறீர்கள்.

அட்டை இல்லை. அட்டைக்கு உடலில் வளையங்களும் இரு முனையிலும் உறிஞ்சிகளும் இருக்கும். இதற்கு இரண்டும் கிடையாது. படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பைபாலியம் கெவென்ஸே என்ற நிலத் தட்டைப்புழுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 1878-இல் லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடிக் கூடத்தில் கிடைத்த புழுவை வைத்து இந்த இனத்தை விவரித்தார்கள். பூர்வீகம் தென்கிழக்கு ஆசியா. தொட்டிச் செடி மண்ணில் ஒளிந்தே உலகமெல்லாம் போய்ச் சேர்ந்தது. வாய் வயிற்றுப் பக்கம், உடலின் நடுவில். மண்புழுவின் மேல் படர்ந்து, உள்ளிருந்து குழாயை நீட்டி, சாறு சுரந்து சதையைக் கரைத்து உறிஞ்சும். உரத் தொட்டி அதற்குப் பந்தி போட்ட மாதிரி.

தோலில் டெட்ரோடோடாக்சின் இருப்பதை 2014-இல் கண்டறிந்தார்கள். பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு. புழு கடிக்காது, அளவும் சொற்பம். இருந்தாலும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம். கோழியையும் நாயையும் அண்ட விடாதீர்கள்.

மண்புழு குறைந்தால் மண்ணில் காற்றும் நீரும் இறங்குவது குறையும். நியூசிலாந்துத் தட்டைப்புழு 1963-இல் வட அயர்லாந்தில் தென்பட்டது. அங்கே புல்வெளிகளில் மண்புழுவின் மொத்த எடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததாகப் பிறகு ஓர் ஆய்வு கணித்தது. அது குளிர் தாங்கும் வேறு இனம், சேலம் வெயிலில் பிழைக்காது. உங்கள் புழு வெப்பநாட்டுக்காரன்.

இன்னொன்று. ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்கப் பசிபிக் தீவுகளில் நியூகினித் தட்டைப்புழுவை விட்டார்கள். அது அந்தத் தீவுகளுக்கே உரிய நத்தைகளையும் தின்று தீர்த்தது. 'நத்தைக்கு மருந்து' என்று யாராவது புழு விற்க வந்தால் வாங்கிவிடாதீர்கள்.

உப்பைத் தொட்டியில் தூவினால் மண்புழுதான் முதலில் சாகும். இரவில் டார்ச்சோடு போய், குச்சியால் எடுத்து, உப்போ வினிகரோ உள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள். ஒரு பழைய ஈரச் சாக்கை ஓரத்தில் விரித்தால் காலையில் அதன் அடியில் கூடியிருக்கும். கிள்ளாமல், முழுதாக எடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் நாற்றுகளைச் சில வாரம் தனியே வைத்து, பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். உங்கள் நாற்று மலையை விட்டு இறங்கும்போதும் இதே சோதனை வேண்டும். தொட்டி சுத்தமாகும்வரை உரத்தை விற்காதீர்கள். சொந்தத் தேவைக்கானதை மெல்லிய படலமாக வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பயன்படுத்துங்கள். ஈரம் போனால் புழு தாங்காது.

ஆனால் காட்டுக்குள் பார்க்கும் தட்டைப்புழுவையெல்லாம் கொல்ல வேண்டாம். நம் நாட்டுக்கே உரிய இனங்களும் உண்டு. தலை, முதுகு, அடிப்பக்கம் மூன்றும் தெரிய, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.