வார்டுக்குத் திரும்பும் முன் ஒரு தண்ணீர்க் கணக்கு

கேள்வி: தனியார் மருத்துவமனை ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். எடையைக் குறைக்க ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்து 3 வாரம் ஆகிறது. தையல் ஆறிவிட்டது. "ஆள் இல்லை, அடுத்த வாரமே வந்துவிடு" என்கிறார் மேட்ரன். 12 மணி நேர ஷிஃப்ட். போகலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: ஐசியூவுக்கு வேண்டாம். வெட்டிய இரைப்பையை வெளியே எடுத்த துளை 12 அல்லது 15 மி.மீ. இருக்கும். மேல்தோல் மூடிக்கொண்டாலும் உள்ளே வயிற்றுச் சுவர் இறுக வாரங்கள் பிடிக்கும். அதற்குள் பாரம் இழுத்தால் அதே இடத்தில் குடலிறக்கம் வரலாம். அதனால்தான் 4 முதல் 6 வாரம் வரை 5 கிலோவுக்கு மேல் தூக்காதே என்கிறோம். 70 கிலோ நோயாளியை இரண்டு பேர் சேர்ந்து நகர்த்தினால் உங்கள் பங்குக்கு எவ்வளவு வரும்? எதிர்பாராத பாரம் இன்னும் மோசம். கட்டிலிலிருந்து சரிகிறவரை உங்கள் கை யோசிக்காமல் போய்ப் பிடிக்கும். ஐசியூவுக்குத் திரும்பிய பிறகும் முதல் சில வாரம், சிபிஆருக்கு மார்பை அழுத்த என்னைக் கூப்பிடாதீர்கள் என்று ஷிஃப்ட் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஓபி, கேஸ் ஷீட் சரிபார்ப்பு போன்றவை என்றால் சர்ஜன் அனுமதியுடன் போகலாம். 'சிஎஸ்எஸ்டி (ஆபரேஷன் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவு) சும்மா உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே' என்று அங்கே தள்ளுவார்கள், ஏமாறாதீர்கள். எலும்பு ஆபரேஷன் செட் ஒன்றே 8 கிலோ வரும். ஃபிட்னஸ் சான்றிதழில் 'லைட் டியூட்டி' என்று மட்டும் இருந்தால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வார்கள். எத்தனை கிலோ வரை, எந்தத் தேதி வரை, ஸ்ட்ரெச்சர் தள்ளலாமா, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிட இடைவேளை என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்து தண்ணீர். வீட்டில் தொடர்ந்து 3 நாள், நாளுக்கு ஒன்றரை லிட்டர் வாந்தியில்லாமல் இறங்குகிறதா? இல்லையென்றால் நாற்காலி வேலைக்கும் அவசரப்படாதீர்கள். ஐந்து மணி நேரம் குடிக்காமல் இருந்துவிட்டு அரை பாட்டிலை மடமடவென்று ஊற்றினால் நெஞ்சு அடைத்து அத்தனையும் திரும்பி வரும். வார்டிலேயே இருக்கும் 30 மில்லி மருந்துக் கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கொருமுறை சார்ட் எழுதியதும் நர்ஸ் அறைக்குப் போய், கப்புக்கு இரண்டு நிமிடமாக 4 கப். சாப்பாட்டு நேரம் போக, ஒரு ஷிஃப்டில் 1.2 லிட்டர் ஆகிவிடும். சாப்பிட்ட பின் 30 நிமிடம் தண்ணீர் கூடாது. சாப்பாடு ஒரு வேளைக்கு 4 ஸ்பூன்தான் என்பதால் புரதத்துக்கு முதலிடம்: குழைத்த முட்டை, முள் நீக்கிய மீன், மசித்த பனீர். நாளுக்கு 60 கிராம் புரதம் இலக்கு. ஒரு முட்டையில் 6 கிராம்தான் என்பதால் புரதப் பவுடர் இல்லாமல் இப்போதைக்கு எட்டாது.

தலைசுற்றினால் டியூட்டி ரூமிலேயே தோழி ஒரு பாட்டில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் நீர்) ஏற்றிவிடுவது நம் வழக்கம். நாள்கணக்கில் வாந்தி இருந்தால் அதை மட்டும் செய்யாதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) குறைந்த உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால் மூளை பாதிக்கலாம். தயமின் முதலில் போக வேண்டும். பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் படுத்தும் நின்றும் பிபி பாருங்கள். நிற்கும்போது மேல் அளவு 20 குறைந்தால் மாத்திரை அளவை மாற்றச் சொல்லுங்கள். நாடித்துடிப்பு 120-க்கு மேலேயே நின்றால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். உள்ளே இரைப்பைத் தையலில் கசிவாக இருக்கலாம், உடனே சர்ஜனிடம் போங்கள்.

கேள்வி: பைபாஸ் முறையில் எடைகுறைப்பு செய்து ஒரு வருடம் ஆகிறது. நைட் டியூட்டி முடிந்தால் இடுப்பு வலி. டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தை மாத்திரையாக எடுக்காமல் ஊசியாகப் போட்டுக்கொள்கிறேன். வயிற்றுக்குப் பாதுகாப்புதானே?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. வார்டில் பலரும் நம்புகிற தப்புக் கணக்கு இது. மாத்திரை படுவதால் மட்டும் புண் வருவதில்லை. மருந்து ரத்தத்தில் கலந்து இரைப்பையின் பாதுகாப்புப் படலத்தைக் குறைக்கிறது. எந்த வழியில் போனாலும் அதே கதிதான். உங்களுக்கு பைபாஸில் இரைப்பையையும் குடலையும் சேர்த்த இணைப்பில் புண் வரலாம். பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வலி தொடர்ந்தால் பிசியோதெரபி. இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். ஆனால் தார் போல ஒட்டி, கெட்ட நாற்றத்துடன் போனால் அது ரத்தம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.