கூரை சோலாரை எங்கிருந்து விளக்கத் தொடங்குவது?

கேள்வி: நான் மின் பொறியாளர். எங்கள் நகர் குடியிருப்போர் சங்க இதழுக்குக் கூரை சோலார் பற்றி நான்கு பக்கம் எழுதினேன். "நல்லா இருக்கு, ஆனா ஒண்ணும் புரியலை" என்கிறார்கள். எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: சிலிக்கான் செல், ஃபோட்டான் என்று தொடங்கியிருப்பீர்கள். அது நாம் கல்லூரியில் படித்த வரிசை. மொட்டைமாடி வைத்திருப்பவரின் சந்தேகங்கள் அந்த வரிசையில் வருவதில்லை. "கரண்ட் போனால் எங்கள் வீட்டில் மட்டும் ஃபேன் ஓடுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

அதிலேயே தொடங்குங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார் என்றால் ஓடாது. உச்சி வெயில் அடித்தாலும் ஓடாது. படிப்பவர் இங்கே திடுக்கிடுவார். காரணத்தைச் சொல்ல அதுதான் நேரம். லைனில் மின்சாரம் நின்றதும் சோலார் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். அதை அப்படித்தான் வடிவமைக்கிறார்கள். இல்லாவிட்டால் உங்கள் மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் தெருக் கம்பிக்குப் போய்விடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிருக்கே ஆபத்து. 'ஆன்ட்டி ஐலேண்டிங்' என்ற பெயரை இதற்கு அப்புறம் சொல்லலாம், சொல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது.

நம் வீடுகளில் இன்வெர்ட்டர் என்றாலே மின்தடையில் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டிதான். நீங்கள் எழுதுவதோ பேனல் தரும் டிசி (நேர்திசை) மின்சாரத்தை வீட்டில் பயன்படும் ஏசி (மாறுதிசை) மின்சாரமாக மாற்றும் கருவியைப் பற்றி. இரண்டும் வேறு என்று ஒரு வரி சேர்க்காவிட்டால் மேலே சொன்ன விளக்கம் முழுக்க வீண்.

அடுத்தது கிலோவாட்டும் யூனிட்டும். இதற்கு உவமையே வேண்டாம், வீட்டுக்கு வீடு கரண்ட் பில் இருக்கிறதே! 1,000 வாட், அதாவது 1 கிலோவாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட். 1 கிலோவாட் பேனல் தமிழ்நாட்டு வெயிலில் சராசரியாக நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. பில்லில் 480 யூனிட் என்றால் 2 கிலோவாட் போதும். ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலை மறந்துவிடுகிறவர்கள் அதிகம், அதையும் எழுதுங்கள்.

மானியத் தொகையைத் தனிக் கட்டத்தில், தேதி குறிப்பிட்டுப் போடுங்கள், அது மாறக்கூடியது.

அச்சுக்கு அனுப்புமுன் பொறியாளர் அல்லாத ஒருவரிடம் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார். அவர் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று அவரையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வரியில் தடுமாறுகிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.