குதிரையேற்றத்துக்கு எந்த அங்கவடி, எந்தக் காலணி பாதுகாப்பானது?

அங்கவடி என்பது சேணத்தின் இருபுறமும் தோல்வாரில் தொங்கும் கால்மிதி. விழுவதைவிட, விழும்போது கால் அதில் சிக்கிக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவதுதான் பெரிய ஆபத்து. அதனால் காலணியின் அகலமான இடத்தைவிட அங்கவடி சுமார் 2.5 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். இறுக்கமானது சின்ன வளையல் மாதிரி: அழுத்தினால் ஏறிவிடும், அவசரத்துக்குக் கழலாது. ரொம்ப அகலமென்றால் பாதமே உள்ளே நழுவிவிடும். அதைத் தடுக்கத்தான் காலணிக்கு 2.5 செ.மீ. அளவில் குதிகால் உயரம். அடிப்பாகம் ஓரளவு சமமாக இருக்கட்டும்; ஆழமான வரிப்பள்ளங்கள் மாட்டிக்கொள்ளும். தட்டையான ஸ்னீக்கர், செருப்பு வேண்டவே வேண்டாம்.

வெளிப்பக்கம் ரப்பர் வளையம் மாட்டிய அங்கவடியும் உண்டு. கால் இழுபட்டால் வளையம் கழன்று வழிவிடும். வெயிலில் ரப்பரில் வெடிப்பு விழும், அப்பப்போ பாருங்கள். கழலும் அங்கவடி குழந்தைகளுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள்; பெரியவர்களுக்கும் வெளிக்கம்பி திறந்துகொள்ளும் வகைகள் இருக்கின்றன.